பாட வீடு

அந்தக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பெங்களூர் கண்டோன்மெண்டில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து நடந்துவந்தது. இதற்காக அதை யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று கட்டடக் கலை, மற்றது மனைச் சொத்து. மனையைக் காட்டினால்தான் வரைபடம் போடுவோம் என்றது கலைப் பிரிவு. வரைபடத்தைக் காட்டினால்தான் மனை வாங்குவோம் என்றது சொத்துப் பிரிவு. இரண்டுமே நியாயமாக இருந்ததால் நிர்வாகக் குழு இரண்டையும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது வாளி வைப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. ஒழுகுகிற கூரை கலையைச் சேர்ந்தது, நனைகிற தரை சொத்தைச் சேர்ந்தது, நடுவில் விழுகிற தண்ணீர் எதிலும் சேராது என்று தீர்ப்பாயிற்று. வாளி வைக்கப்படவில்லை.

நோயலுக்கு இதெல்லாம் தெரியாது. காக்ஸ் டவுனில், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற தியோடரின் மகன் அவன். தெருவில் நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. பங்களாக்களின் முகப்பில் மங்கி-டாப் என்று சொல்கிறார்களே, அந்தக் கூரான மரச் சட்டங்கள், அவற்றைப் பார்த்துக்கொண்டே போவான். மாட்டு வண்டிக்காரர்கள் அவனை ஏசாத நாள் குறைவு. இந்த உலகத்தில் ஒரு மனிதன் செய்யத்தக்க காரியம் ஒன்றே ஒன்று, வீடு வரைவது என்று முடிவு செய்திருந்தான். ஆகவே கல்லூரியில் சேரப் போனான்.

சேர்க்கை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரின்சிபால் ராவ் சாகிப் சீனிவாசராகவன். வலப்பக்கம் கலைப் பிரிவின் தலைவர் சிரில். ஓட்டலில் அறை எடுத்துத் தங்கும் பிரம்மச்சாரி. இடப்பக்கம் சொத்துப் பிரிவின் தலைவர் வெங்கடசுப்ரமணியன். தன் நாற்காலியைச் சுற்றித் தரையில் சாக்குக் கட்டியால் எல்லைக்கோடு போட்டுவைத்திருந்தார்.

"வீடு உண்டா?" என்றார் பிரின்சிபால்.

வீட்டைப் பற்றிப் படிக்க வருகிறவன் ஒரு வீட்டோடு வர வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. அதற்குப் பெயர் பாட வீடு. கல்லூரி ஆரம்பித்த காலத்தில் ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த களிமண் மாதிரி வீடு முதல் மழையிலேயே கரைந்துபோனதிலிருந்து இந்த ஏற்பாடு. விவரம் தெரிந்தவர்கள் இதற்கென்று எதையாவது வைத்திருப்பார்கள். மிலிட்டரி கான்டிராக்டர் மகன் ஓஸ்வால்ட் தன் வீட்டு நாய்க்கூண்டை எழுதிக் கொடுத்திருந்தான். போன வருஷம் முதல் வகுப்பில் தேறியவன் கொடுத்தது ஒரு குளியலறை. சட்டத்துக்கு உட்பட்டு, யாருக்கும் வலிக்காமல், நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்தால் போதும். இந்த வழக்கத்தைக் கல்லூரியில் எல்லாரும் அறிவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"உண்டு சார், காக்ஸ் டவுன்ல" என்றான் நோயல்.

"எந்த நிலைமையில்?"

"ரொம்ப நல்ல நிலைமை சார். எங்கப்பா பக்கத்துல நின்னு கட்டினது. நாங்க அதுலதான் இருக்கோம்."

மூன்று பேனாக்களும் ஒரே சமயத்தில் நின்றன.

"இருக்கிறீர்களா? அதாவது, மனிதர்கள்?" என்றார் சிரில்.

"ஆமாம் சார். அப்பா, அக்கா, நான்."

சிரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெங்கடசுப்ரமணியன் தன் எல்லைக்கோட்டைத் தாண்டி எழுந்துவந்து நோயலின் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிரின்சிபால் கை குலுக்கினார். பையன் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பூரித்துப்போனான்.

வீட்டில் அக்கா மௌரீன் கான்வென்ட்டில் பாடம் நடத்திவிட்டு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சேத்துக்கிட்டாங்களா?"

"கை குலுக்கிச் சேத்துக்கிட்டாங்க அக்கா. பாட வீடாக் குடுக்க அப்பா கையெழுத்து மட்டும் வேணும்."

"எந்த வீட்டைக் குடுத்தே?"

"நமக்கு எத்தனை வீடு இருக்கு?"

"அதைத்தான்டா நானும் கேக்கறேன். பின்னால கோழிக்கூண்டு ஒண்ணு நிக்குதே, அது உன் கண்ணுல படலியா? ஊரான் வீட்டு மங்கி-டாப்பெல்லாம் தெரியுது, நம்ம வீட்டுக் கோழிக்கூண்டு தெரியல!"

முன்னறைக் கட்டிலில் இருந்து தியோடர் இருமிக்கொண்டே குரல் கொடுத்தார். அவருக்கு ஆஸ்துமா. மார்கழிப் பனி மேலே படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "கோழிக்கூண்டுக்கா என் பையன் படிக்கப் போறான்? கொண்டாடா பேனாவை. சர்வீஸ்ல தினம் நூறு கையெழுத்துப் போட்டவன் நான்."

போட்டார். படித்துப் பார்க்கவில்லை. கார்டு ஆட்கள் கொடி காட்டியபின் யோசிப்பதில்லை.

மறுநாளிலிருந்து வீட்டுக்கும் வருகைப் பதிவு ஆரம்பித்தது. கல்லூரி பியூன் நாணு தினமும் காலையில் சைக்கிளில் காக்ஸ் டவுன் வந்து, வாசலில் நின்று, வீட்டின் பதிவு எண்ணை உரக்கக் கூப்பிடுவான். வீடு பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் வீடு பேசாமல் இருந்தது. தமிழில் கன்னடம் கலந்து பேசும் நாணு கவலைப்பட்டான்.

"ஏன் தாத்தா, வீடு இல்லவா? ஆப்சென்ட் போட்டுட்டா அப்புறம் கஷ்ட ஆகும்."

"அதான் முன்னாலயே நிக்குதேப்பா."

"கண்ணால பாத்தா ஆகாது. காதால கேட்டாத்தான் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க."

அன்றுமுதல் தியோடர் கட்டிலில் படுத்தபடியே "பிரசென்ட் சார்!" என்று கத்துவார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ரயிலை விட்டு இறங்கியபின் அவரை யாரும் எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முதல் பருவத்தில் இரண்டு பிரிவுப் பாடங்களையும் எல்லாரும் கேட்க வேண்டும். பருவ முடிவில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சிரில் வகுப்பில் தூண்கள் வரைந்தார்கள். தூணுக்கு மேலே தூண், அதற்கு மேலே குவிமாடம். ஒருநாள் நோயல் எழுந்து, சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரில் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் நோயல், சமையலறை வந்தால் புகைபோக்கி வரும். புகைபோக்கி வந்தால் முகப்பு கெடும். வீடு என்பது எதிர்ச் சாரியில் நின்று பார்ப்பதற்கு. அதில் ஆள் குடியிருப்பது, மரத்தில் கரையான் இருப்பது மாதிரி. தவிர்க்க முடியாமல் போகலாம். அதற்காகக் கரையானுக்கு இடம் ஒதுக்கி மரம் வளர்க்கிறோமா?"

நோயல் அதையும் எழுதிக்கொண்டான். அவர் போட்ட குவிமாடம் அவ்வளவு அழகாக இருந்தது. சொல்கிற மனிதர் தவறாக இருக்க முடியாது என்று பட்டது.

வெங்கடசுப்ரமணியன் வகுப்பில் படம் கிடையாது. எல்லாரும் எழுந்து நின்று கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எல்லை சொல்லித் தொடங்க வேண்டும்.

"நிலம் என்றால் என்ன?" என்பார்.

"அடுத்தவன் வர முடியாத இடம் சார்!" என்று வகுப்பு முழங்கும்.

"அடுத்தவன் வந்துவிட்டால்?"

"அது நிலமல்ல சார், சாலை!"

"சபாஷ். அங்கே என்ன விளைகிறது, யார் பிறந்தான், யார் செத்தான் என்பதெல்லாம் பஞ்சாயத்துப் பேச்சு. நமக்கு வேலி போதும்."

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பிரிவுகள் பாட வீடுகளைப் பார்வையிடக் கிளம்பின. ஓஸ்வால்டின் நாய்க்கூண்டு சீக்கிரம் முடிந்துவிட்டது. நாய் ஒரு குரைப்புக் குரைத்ததும் இரண்டு பிரிவுகளும் திருப்தி தெரிவித்துத் திரும்பின. நோயலின் வீட்டுக்கு முழு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது.

முதலில் கலைப் பிரிவு வந்தது. நூல் பிடித்தார்கள். தூக்குக் குண்டு விட்டார்கள். பிழை கண்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். ஜன்னல் பிழை, நடுச்சுவர் பிழை, அடுப்பு மகா பிழை. சிரில் தியோடரின் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"இந்தக் கட்டில் அறையின் மையத்தில் இல்லையே."

"ஜன்னலோரமாக் கெடந்தா கொஞ்சம் மூச்சு வருதுங்க சார்" என்றார் தியோடர்.

"மையத்தில் வராதா?"

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருவன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தியோடரின் போர்வையிலும் ஒரு கோடு இழுத்தான். வீட்டில் கோடு விழாமல் மிஞ்சியது வாசலின் இரட்டைக் கதவு உள்ள முன்சுவர் மட்டும்தான். அதன் நீளமும் உயரமும் சிரிலின் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தோடு அப்படியே பொருந்தின. அவர் எதிர்ச் சாரிக்குப் போய் நின்று கண் கலங்கினார். "இதைக் கட்டினவனுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது" என்றார்.

பிற்பகல் சொத்துப் பிரிவு வந்தது. வீட்டில் உள்ளவற்றை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பிரித்துக்கொண்டே வந்தார்கள். பானை அசையும். அம்மி யோசனைக்குரியது. கட்டிலருகே வந்ததும் வெங்கடசுப்ரமணியன் மாணவர்களை அரைவட்டமாக நிறுத்தினார்.

"பெரியவரே, நீர் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"ரயில்வே கார்டுங்க நான். சர்வீஸ் பூராவும் அசைஞ்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு தியோடர் தானே சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இப்போது?"

"இப்ப அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கவனியுங்கள்" என்று மாணவர்கள் பக்கம் திரும்பினார் வெங்கடசுப்ரமணியன். "அசைவதில்லை. ஆனால் நிலத்தோடு சேர்த்துக் கட்டப்படவும் இல்லை. அப்படியானால் இரண்டிலும் சேராது. இதைத்தான் இடையூறு என்கிறோம்."

காபி கொண்டுவந்த மௌரீன் தட்டைக் கீழே வைத்தாள். "எங்கப்பாவையா இடையூறுன்னு சொல்றீங்க?"

"கோபித்துக்கொள்ளாதே அம்மா. வசவு இல்லை. அது ஒரு அத்தியாயம்."

அன்று சாயங்காலம் நோயல் சுண்ணாம்புக் கோடுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். காலையில் நேரே பிரின்சிபால் அறைக்குப் போனான்.

"சார், நான் படிப்பை விட்டுடறேன்."

"தாராளமாக" என்றார் சீனிவாசராகவன்.

"வீட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க சார்."

"அது எப்படி? மாணவன் விலகலாம். வீடு விலக முடியாது. வீடு இன்னும் தேறவில்லையே?" அவர் குரலில் கனிவு இருந்தது. "உன் வருகைப் பதிவில் ஓட்டைகள் இருக்கின்றன. வீடு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இப்படிப்பட்ட மாணவனை நடுவில் அனுப்ப எனக்கு மனசு வருமா?"

"கலைப் பிரிவு எடுத்தா வீட்டை என்ன சார் செய்வாங்க?"

"பிழைகளை நீக்குவார்கள். பிழையில்லாதது மிஞ்சும்."

"இதுவரைக்கும் என்ன மிஞ்சியிருக்கு?"

"மனை."

"சொத்துப் பிரிவு எடுத்தா?"

"ஒரு செங்கல் குறையாது. மாணவர்களுக்குள் வீடு கைமாறிக்கொண்டே இருக்கும். கடைசியாக யார் கைக்கு வருகிறதோ அவன் குடியிருப்பவர்களை முறைப்படி வெளியேற்றிக் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வு. நாய்க்கூண்டில் இதைச் செய்து செய்து எங்களுக்கும் அலுத்துவிட்டது."

"எப்படிப் பாத்தாலும் நாங்க தெருவுலதானே சார்?"

சீனிவாசராகவன் சிரித்தார். "ஒன்றில் வீடு உங்களை விட்டுப் போகிறது. மற்றதில் நீங்கள் வீட்டை விட்டுப் போகிறீர்கள். இந்த வித்தியாசம் விளங்குவதற்குத்தான் இரண்டு வருஷப் படிப்பு வைத்திருக்கிறோம்."

மௌரீன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தவர் உட்காரச் சொல்லிக் கேட்டார். திருட்டு என்றால் பிடிக்கலாம், இது கல்வி, கல்வியில் போலீஸ் தலையிடுவது மரியாதையாக இருக்காது என்று சொல்லி அனுப்பினார்.

விளக்கேற்றியபின் மூவரும் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார்கள்.

"உனக்குப் படம் போடத்தானே ஆசை? கலையையே எடு. போனாப் போவுது செவுரு" என்றார் தியோடர்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள் மௌரீன். "டேய், யோசிச்சுப் பாரு. செவுரு போனா பனி வரும். கைமாறினா ஆள் வருவான். ஆளோட பேசலாம், கெஞ்சலாம், காலப் பிடிக்கலாம். பனியோட பேச முடியுமாடா?"

ஓஸ்வால்டும் அதையே சொன்னான். "சொத்து எடு மேன். கடைசிக் கை எனக்கு வர்ற மாதிரி நான் பாத்துக்கறேன். என் கைக்கு வந்துட்டா உங்கப்பா மேல ஒரு தூசு விழாது. ஐ ப்ராமிஸ்."

பிரிவைத் தேர்ந்துகொள்ளும் நாளில் கூடத்தின் இரண்டு கதவுகளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். பேண்டு வாசிக்க, பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனாக நடந்துபோய் ஒரு கதவுக்குள் நுழைய வேண்டும். கலைப் பிரிவின் கதவு வழியே, சுவரில் மாட்டியிருந்த அந்தக் குவிமாடப் படம் தெரிந்தது. நோயல் கூடத்தின் நடுவரைக்கும் அதை நோக்கித்தான் நடந்தான். பிறகு திரும்பினான். சொத்துப் பிரிவின் வாசலில் வெங்கடசுப்ரமணியன் அவனை உள்ளே விடுவதற்கு முன், வழக்கப்படி, வெளியே போ என்று ஒரு தடவை சொன்னார்.

அன்றே சிரில் நிர்வாகக் குழுவில் முறையிட்டார். கல்லூரிச் சரித்திரத்தில் முதன்முதலாக மனிதர் குடியிருக்கும் வீடு வந்திருக்கிறது, அதைச் சொத்துப் பிரிவு ஒன்றே விழுங்குவதா? குழு மூன்று கூட்டம் நடத்தி நியாயமான முடிவுக்கு வந்தது. நிலமும் உடைமையும் சொத்துப் பிரிவுக்கு. சுவர், கூரை, ஜன்னல் இத்யாதி கலைப் பிரிவுக்கு. நோயலை அழைத்து, இரண்டு பிரிவும் ஒரே வீட்டில் படிக்கும் பாக்கியம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று பாராட்டினார்கள்.

"எங்கப்பா சார்?" என்றான் நோயல்.

அதையும் மறக்கவில்லை. நோயாளி என்பதால் ஈஸ்டர் பரீட்சை வரைக்கும் தியோடரும் குடும்பமும் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று கருணை காட்டப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. போக்குவரத்து வாசற்கதவு வழியாக மட்டும். வேறு எங்கே எல்லையைத் தாண்டினாலும் அது அத்துமீறல். அந்த நிமிஷமே கருணை ரத்து.

டிசம்பர் முதல் வாரத்தில் கலைப் பிரிவு கடப்பாரையோடு வந்தது. கோடு போட்ட சுவர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் நாலு முளைக் கம்பு நட்டு அதன்மேல் கூரை ஓடு கொஞ்சம் விட்டுவைத்தார்கள், பிழை எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் பார்ப்பதற்காக. முன்சுவரும் கதவும் அப்படியே நின்றன. கதவுக்குச் சொத்துப் பிரிவு பூட்டுப் போட்டது. அந்தச் சமயம் வீடு ஓஸ்வால்டின் கையில் இருந்தது. சொன்ன வார்த்தை தவறாதவன். காலையிலும் மாலையிலும் தவறாமல் வந்து பூட்டைத் திறந்து, மௌரீனும் நோயலும் போய்வர வழிவிட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனான்.

பழகிவிட்டது. மூன்று பக்கமும் வெட்டவெளி. பால்காரர் கதவின் முன்னால் காத்து நின்றார். பக்கத்து வீட்டு பிரிஜெட் தன் சமையலறை வாசலிலிருந்து கையை நீட்டினால் கட்டிலைத் தொட்டுவிடலாம். ஆனாலும் கஞ்சிப் பாத்திரத்தோடு தெருவைச் சுற்றிவந்து கதவருகே நிற்பாள். கல்லூரியிலிருந்து யாராவது பார்த்து எழுதிவிட்டால் பெரியவருக்கு இருக்கிற இடமும் போய்விடுமே என்று அவளுக்குப் பயம். பனி மட்டும் எந்தக் கதவுக்கும் நிற்கவில்லை. கம்பளி, கோணிப்பை, மௌரீனின் குளிர்கோட்டு, எல்லாம் போர்த்தியும் தியோடரின் மார்பு விடியும்வரை விசில் அடித்தது. "பழைய பாசஞ்சர் வண்டி" என்றார். நாணு வந்து எண் கூப்பிடும்போது "பிரசென்ட்" வரும். "சார்" வருவது நின்றுவிட்டது.

ஜனவரியில் நிறுவனர் நாள் வந்தது. அன்று எல்லாப் பாட வீடுகளின் சாவிகளையும் சிவப்பு வெல்வெட் மெத்தையில் வரிசையாக வைத்து ஊர்வலம் விடுவார்கள். ஓஸ்வால்ட் முதல்நாள் மாலையே சாவியை ஒப்படைத்துவிட்டான். ஊர்வல வேலைக்காக நோயலும் அன்று மாலையே கல்லூரிக்கு வந்து தங்க வேண்டியதாயிற்று. மௌரீனும் தியோடரும் பூட்டிய கதவுக்கு உட்பக்கம் இருந்தார்கள்.

காலையில் ஊர்வலம் முடிந்து, மெத்தையை மேடையில் இறக்கிவைத்து, பிரின்சிபால் பேச எழுந்தார். அப்போது நாணு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நோயலின் சட்டையைப் பிடித்தான். மூச்சு இரைத்தது.

"இவத்து காலைல வீடு பதில் சொல்லலப்பா. தாத்தாவுக்கு உதடெல்லாம் நீலம். அக்கா உன்னை ஓடியாரச் சொல்லுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணுமாம்."

நோயல் எழுந்தான். வாசல் வலப்பக்கம் இருந்தது, மேடை இடப்பக்கம். அப்பாவை எப்படி வெளியே கொண்டுவருவது? கதவு பூட்டியிருக்கிறதே? அவன் இடப்பக்கம் போனான்.

பேச்சின் நடுவில் மெத்தையைத் தொடக் கூடாது என்று வெங்கடசுப்ரமணியன் சைகை காட்டினார். நோயல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நம்மை ஏசுகிறவர்கள் உண்டு" என்று பேசிக்கொண்டிருந்தார் சீனிவாசராகவன். "இத்தனை வருஷத்தில் இந்தக் கல்லூரி ஒரு வீடாவது கட்டியதா என்று கேட்கிறார்கள். கட்டவில்லை. பெருமையோடு சொல்கிறேன். வீட்டைக் கொத்தனார்கூடக் கட்டிவிடுவார். வீடு எது, வீடு எதுவல்ல என்று சொல்ல ஆள் வேண்டாமா? இந்த நகரத்தில் மழைக்கு ஒதுங்கத் தெரிந்த ஜனங்கள் லட்சம் பேர் இருக்கிறார்கள். எதன் கீழே ஒதுங்குகிறோம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இந்த வருஷம் நம் மாணவர் ஒருவர் தம் சொந்தத் தந்தையோடு வீட்டைக் கொடுத்திருக்கிறார். அவர் எங்கே? இதோ, மேடையருகே நிற்கிறார். பாருங்கள் அந்தப் பணிவை!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பேச்சு முடிய அதற்கு மேலும் நேரமாயிற்று.

"சார், சாவி. அப்பாவுக்கு மூச்சு முட்டுது சார்."

வெங்கடசுப்ரமணியன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா. எடுத்துக்கொள் அப்பா, சாவி எங்கள் பிரிவுதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கதவு கலைப் பிரிவு. திறக்கலாமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடு. நாளைக்கு என் மேல் குற்றம் சொல்லக் கூடாது."

சிரில் விருந்தினர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நோயல் அவர் கோப்பையைக் கீழே வைக்கும்வரை நின்றான்.

"பகல் வேளையில் கதவைத் திறப்பதா?" என்றார் சிரில். "முகப்பில் கறுப்பாக ஒரு ஓட்டை விழுமே, யோசித்தாயா? ஒரு பல் போன வாய் மாதிரி."

"எங்கப்பா சார்..."

"தெரியும், தெரியும். சரி, போ. இரண்டு கதவையும் ஒரே அளவாகத் திற. வேலை முடிந்ததும் மூடிவிடு. எங்கே, சொல் பார்ப்போம்?"

"ஒரே அளவாத் திறந்து, மூடிடறேன் சார்."

சாவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஜட்காவில் ஏறினான். உச்சி வெயில் தாண்டியிருந்தது. காக்ஸ் டவுனுக்குள் திரும்பும்போது மாதா கோயில் மணி விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக அடிப்பது கேட்டது. ஜட்காக்காரர் கடிவாளத்தைத் தளர்த்தினார்.

"யாரோ போயிட்டாங்க பாய்."

"சீக்கிரம் ஓட்டுங்க" என்றான் நோயல். "சாவி என்கிட்டதான் இருக்கு."

கதவின் முன்னால் இறங்கினான். சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினான். பூட்டு திறந்தது. இரண்டு கதவுகளையும் ஒரே அளவாகத் தள்ளி, உள்ளே காலை வைத்தான்.

முளைகளும் ஓடும் நின்றன. அவற்றின் கீழே கட்டில் இல்லை. கட்டில் கால் இருந்த இடங்களில் நாலு பள்ளம் இருந்தது. சுண்ணாம்புக் கோடு போட்ட போர்வை தரையில் கிடந்தது.

"நோயலு!" பிரிஜெட் தன் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்கேப்பா போயிருந்தே இவ்வளவு நேரம்?"

"சாவிக்கு..."

"மௌரீன் உன்னைப் பாத்துப் பாத்து நின்னா. அப்புறம் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாக் கட்டிலோட தூக்கிட்டாங்க. இப்படித்தான், இந்தப் பக்கமா." கிழக்குச் சுவர் இருந்த இடத்தைக் கையால் காட்டினாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினது. தெரு முனை தாண்டலப்பா. திருப்பிக் கொண்டாந்து வெக்க வீடு ஏது? நேரா கோயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க."

நோயல் கிழக்குப் பக்கம் பார்த்தான். சுவர் இருந்த வரிசையில் புல் மிதிபட்டு மடிந்திருந்தது. அதற்கு அப்பால் தெரு. தெருக்கோடியில் கோயில் கோபுரம். நாலு எட்டு வைத்தால் தெருவில் இருக்கலாம்.

"போப்பா" என்றாள் பிரிஜெட். "அக்கா தனியா இருக்கு. இப்படியே போ."

அவன் திரும்பி வாசலுக்கு நடந்தான். வெளியே வந்து, இரண்டு கதவுகளையும் ஒரே அளவாக இழுத்து மூடினான். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினான். சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.